ஐபெர்ஃப்3-ஐ விண்டோஸ் நிறுவியாகக் கட்டுவது எப்படி: கம்பைல் முதல் கையொப்பம் வரை

மூலநிரலைக் கம்பைல் செய்து, அதாவது ஓடக்கூடிய கோப்பாக மாற்றி, உங்கள் கணினியில் ஓடவைத்துவிட்டீர்கள். இப்போது அதை, கட்டளை வரியைக் கண்டாலே பின்வாங்கும் ஒருவரும் இரண்டு கிளிக்கில் நிறுவிக்கொள்ள வேண்டும். நிறுவியை உருவாக்கும் கருவியைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். அந்தக் கருவிக்கு வெளியே கிடக்கும் வேலைகளைப் பற்றி, அதாவது உரிமங்கள், அடையாள ஆவணங்கள், கையொப்பம், ஃபயர்வால் பற்றி, ஒரே இடத்தில் எழுதியவர்கள் குறைவு. எனக்கு நேரத்தைத் தின்றவை அவைதான். எனவே இந்த வழிகாட்டியில் அவற்றுக்கே அதிக இடம்.

எடுத்துக்காட்டாக ஐபெர்ஃப்3-ஐ வைத்துக்கொள்கிறேன். இரண்டு கணினிகளுக்கு இடையே உண்மையில் எவ்வளவு வேகம் கிடைக்கிறது என்று அளக்கும் கருவி இது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஈஎஸ்நெட் இதைப் பராமரிக்கிறது. விண்டோஸ் அவர்கள் அதிகாரபூர்வமாக ஆதரிக்கும் தளங்களில் இல்லை. யாராவது கம்பைல் செய்து கொடுத்தால்தான் உண்டு. கருவி சிறியது, கர்னல் டிரைவர் தேவையில்லை. முதல் நிறுவியைக் கட்டிப் பழக ஏற்றது.

1. நிரலைத் தொடுவதற்கு முன் கையொப்பச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்

கோப்பை வெளியிட்டது யார், இடையில் யாரும் அதை மாற்றவில்லை என்பதை விண்டோஸுக்குக் காட்டுவது டிஜிட்டல் கையொப்பம்; அதை இடத் தேவைப்படுவது இந்தச் சான்றிதழ். வரிசை தலைகீழாகத் தெரியலாம். ஆனால் மற்ற எல்லா வேலையும் உங்கள் கையில் இருக்கிறது; இது மட்டும் இன்னொருவர் மேசையில் கிடக்கும். ஆவணச் சரிபார்ப்பு, சாதனம் கூரியரில் வருவது எல்லாம் சேர்த்துச் சில வாரங்கள் ஓடிவிடும். இன்றே விண்ணப்பித்துவிட்டு, காத்திருக்கும் நாட்களில் அடுத்த படிகளைச் செய்யுங்கள்.

கையொப்பம் இல்லாமல் வெளியிடக் கூடாதா? வெளியிடலாம். ஆனால் இணையத்திலிருந்து இறக்கிய கோப்பைத் திறந்ததும் விண்டோஸின் பாதுகாப்பு வடிகட்டியான ஸ்மார்ட்ஸ்கிரீன் நீலப் பெட்டியைக் காட்டித் தடுக்கும். அதைத் தாண்டினாலும் நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டியில் 'வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை' என்று வரும். நெட்வொர்க் கருவி ஒன்றை இந்த நிலையில் நிறுவ எந்த அலுவலகக் கணினிப் பிரிவும் ஒப்புக்கொள்ளாது.

வழிகள் மூன்று. முதலாவது, சான்றிதழ் நிறுவனத்திடம் தனிநபர் சான்றிதழ் வாங்குவது. ஆண்டுக்குச் சில நூறு டாலர் ஆகும். போலந்தின் செர்ட்டம் நிறுவனம் திறமூல நிரலாளர்களுக்கென்று இதைவிட மிகக் குறைந்த விலையில் தனியாக ஒன்று தருகிறது. இரண்டாவது, சைன்பாத் அறக்கட்டளை. தகுதி பெறும் திறமூலத் திட்டங்களுக்கு இலவசமாகவே கையொப்பமிட்டுத் தருகிறார்கள். ஆனால் வெளியிட்டவர் பெயராக உங்கள் பெயர் வராது, அறக்கட்டளையின் பெயர்தான் வரும். உங்கள் கணினியில் கட்டிய கோப்பை ஏற்க மாட்டார்கள், பொதுவெளியில் தானியங்கியாகக் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும். மூன்றாவது, மைக்ரோசாஃப்டின் அஷூர் கையொப்பச் சேவை. மாதக் கட்டணம் சுமார் 10 டாலர்தான், ஆனால் எந்த நாட்டவர் சேரலாம் என்பதில் கட்டுப்பாடு உண்டு. விலையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் நாடு பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் கட்டும் முன் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. 2023 ஜூன் 1 முதல், கையொப்பத்துக்கான ரகசியச் சாவியை சாதாரணக் கோப்பாகத் தரக் கூடாது. பாதுகாப்புத் தரச்சான்று பெற்ற யூஎஸ்பி டோக்கனிலோ ஸ்மார்ட் கார்டிலோ அதற்கு நிகரான மேகச் சேவையிலோதான் இருக்க வேண்டும். விளம்பர விலையில் இந்தச் சாதனத்தின் விலையும் கூரியர் செலவும் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கத்திலும் நிற்கலாம். மேகச் சாவி கிடைக்குமென்றால் அதையே எடுங்கள். அடுத்தது, 2026 மார்ச் 1 முதல் ஒரு சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 460 நாட்கள். மூன்றாண்டுத் திட்டம் என்று விற்றாலும் இடையில் புதுப்பித்து வாங்க வேண்டியிருக்கும்.

இனி ஆவணங்கள். அரசு தந்த படத்துடன் கூடிய அடையாள அட்டை, முகவரிக்குச் சான்றாக வங்கி அறிக்கை அல்லது மின்கட்டண ரசீது போன்ற ஒன்று, பெரும்பாலும் காணொளி வழிச் சரிபார்ப்பும் கேட்பார்கள். நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் தலைப்பெழுத்து. கடவுச்சீட்டில் தலைப்பெழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராக இருக்கும். வங்கி அறிக்கையில் ஒற்றை எழுத்தாக, சில சமயம் முன்னால், சில சமயம் பின்னால் இருக்கும். மின்கட்டண ரசீதோ வீட்டு உரிமையாளர் பெயரில் வரும். வெளிநாட்டில் உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். எனக்குச் சான்றிதழ் தந்த நிறுவனம் இதற்காகவே கோப்பைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. விண்ணப்பத்தில் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். வங்கிக் கணக்கில் பெயர் வேறுபட்டால் முதலில் வங்கியில் திருத்திக்கொள்ளுங்கள். விளக்கக் கடிதம் எழுதிச் சமாளிக்கலாம் என்று நம்பி உட்காராதீர்கள். கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய முகவரி இருந்தால் அதுவும் கேள்வியாகும்.

சான்றிதழில் உள்ள பெயர் உங்கள் நிறுவியைத் திறக்கும் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் மனத்தில் வையுங்கள். புனைபெயரில் இயங்குபவர் என்றால் சைன்பாத் வழிதான் பொருந்தும்.

2. கம்பைல்: எந்தக் கோப்பை எடுக்கிறீர்கள் என்பதுதான் விஷயம்

ஐபெர்ஃப்3 யுனிக்ஸ் முறைப்படி எழுதப்பட்டது. விண்டோஸில் அதைக் கட்ட நேரான வழி, யுனிக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓடவைக்கும் சூழலான சிக்வின். 32-பிட் சிக்வினைக் கைவிட்டுவிட்டார்கள். 64-பிட் மட்டும் போதும். சிக்வினை நிறுவும்போது சி கம்பைலர், கட்டும் வேலையை நடத்தும் மேக் (make), குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மேம்பாட்டுத் தொகுப்பு ஆகியவற்றைச் சேருங்கள். மூலநிரலை ஈஎஸ்நெட் வெளியிட்ட பதிப்பிலிருந்தே எடுங்கள். களஞ்சியத்தின் நடப்பு நிலையை எடுத்துவிட்டால், பின்னால் யாராவது பிழை சொல்லும்போது எந்த நிரலைக் கட்டினோம் என்று உங்களுக்கே சொல்லத் தெரியாது. இறக்கியதும், கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கம்பைல் முடிந்ததும் மூலநிரல் கோப்புறையில் தெரியும் இஎக்ஸ்இ கோப்பு உண்மையான நிரலாக இல்லாமல் இருக்கலாம். ஷேர்டு நூலகத்தோடு (நிரலுக்கு வெளியே தனிக் கோப்பாக இருக்கும் நூலகம்) கட்டினால், நூலகங்களைக் கட்ட உதவும் லிப்டூல் என்ற கருவி அங்கே ஓர் உறையை, அதாவது அசல் நிரலை அழைக்கும் சிறு நிரலை, வைக்கிறது. அசல் நிரல் புள்ளியில் தொடங்கும் மறைவான துணைக் கோப்புறையில் கிடக்கும். உறையை எடுத்து நிறுவியில் வைத்தால் உங்கள் கணினியில் அழகாக ஓடும், வேறு எங்கும் ஓடாது. தவிர்க்க இரண்டு வழி: கட்டமைக்கும்போதே ஷேர்டு நூலகத்தை முடக்கிவிடுவது, அல்லது 'மேக் இன்ஸ்டால்' கட்டளையை ஒரு தனிக் கோப்புறையை நோக்கி ஓட்டி, அங்கே வந்து விழுவதை மட்டும் எடுப்பது. நான் இரண்டையும் செய்கிறேன்.

3. டிஎல்எல் பட்டியல்

சிக்வினோடு வரும் சிக்செக் கருவியிடம் இஎக்ஸ்இ-யைக் கொடுத்தால், அது எந்தெந்த டிஎல்எல்களை (நிரல் ஓடும்போது துணைக்கு அழைக்கும் நூலகக் கோப்புகளை) நம்பியிருக்கிறது என்பதை அடுக்கடுக்காகச் சொல்லும். சிக்வின் கோப்புறையிலிருந்து வருபவை எல்லாம் உங்கள் நிறுவியில் போக வேண்டும்: சிக்வினின் முதன்மை டிஎல்எல், ஓப்பன்எஸ்எஸ்எல்லின் குறியாக்க டிஎல்எல், அது கேட்டால் தரவைச் சுருக்கும் நூலகமான இசட்லிப். விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையைக் காட்டுபவற்றைத் தொடாதீர்கள்.

எல்லா டிஎல்எல்களையும் இஎக்ஸ்இ இருக்கும் அதே கோப்புறையில் வையுங்கள். விண்டோஸ் முதலில் தேடுவது அங்கேதான், எனவே பயனரிடம் ஏற்கெனவே வேறு பதிப்புச் சிக்வின் இருந்தாலும் இடிக்காது. எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று சிஸ்டம்32-இல் கொண்டுபோய் வைப்பது அடுத்தவர் நிரலை உடைக்கும் வேலை.

4. உரிமங்கள்

திறமூலம்தானே என்று இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள் அதிகம். கம்பைல் செய்த கோப்பைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கிய நொடியில் நீங்கள் விநியோகிப்பவர் ஆகிவிடுகிறீர்கள்.

ஐபெர்ஃப்3 மூன்று கூறு பிஎஸ்டி உரிமத்தில் இருக்கிறது. பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் நிறுவியோடு தர வேண்டும். மூன்றாவது கூறின்படி ஆய்வகத்தின் பெயரையோ பங்களித்தவர் பெயரையோ உங்கள் தொகுப்புக்குச் சிபாரிசு போலப் பயன்படுத்தக் கூடாது. நிறுவியின் முதல் திரையிலேயே 'இது அதிகாரபூர்வமற்ற தொகுப்பு' என்று எழுதிவிடுங்கள். பிழை அறிக்கைகள் தவறான வாசலுக்குப் போவதையும் அது தடுக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் 3 அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது. அதன் வாசகத்தையும் வையுங்கள்.

கவனம் தேவைப்படுவது சிக்வின் டிஎல்எல். அது, மூலநிரலையும் கிடைக்கச் செய்யச் சொல்லும் எல்ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் இருக்கிறது. அதோடு இணைக்கும் நிரல்களுக்கு விதிவிலக்கு தந்திருக்கிறார்கள், அதனால் ஐபெர்ஃப்3-இன் உரிமம் மாறாது. ஆனால் அந்த டிஎல்எல்லையே நீங்கள் கொடுப்பதால், அதே பதிப்பின் மூலநிரலும் கிடைக்கும்படி செய்வது உங்கள் பொறுப்பு. சிக்வின் தளத்துக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு நகராதீர்கள். அங்கே பழைய பதிப்புகள் வரிசையாகக் காணாமல் போகும். கட்டும் அன்றே சிக்வினின் மூலநிரல் தொகுப்பையும் இறக்கி, உங்கள் நிறுவி இருக்கும் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். செலவில்லாத வேலை, சில நிமிடத்தில் முடிகிறது. ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்குமா என்பதுதான் சந்தேகம்.

நீங்கள் கட்டுவது வேறு கருவியா? வலையில் ஓடும் தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளைப் பிடிக்கும் மென்பொருள் என்றால், அதைச் செய்யவைக்கும் என்பிகேப் டிரைவர் தேவைப்படும். பாக்கெட்டுகளை ஆராயும் வயர்ஷார்க்கின் நிறுவியோடு அது சேர்ந்து வருவதைப் பார்த்து நாமும் சேர்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்குத் தனி அனுமதி இருக்கிறது. என்பிகேப்பின் இலவச உரிமம் மறுவிநியோகத்தை அனுமதிப்பதில்லை, கேள்வி கேட்காமல் அமைதியாக நிறுவும் வசதியும் பணம் கட்டியவர்களுக்கே. பயனரைத் தானே இறக்கி நிறுவச் சொல்லுங்கள். அதே வேலையைச் செய்த பழைய வின்பிகேப் தடையின்றிக் கிடைக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அதன் கடைசிப் பதிப்பு 2013-இல் வந்தது. விபிஎன் மென்பொருள் என்றால் வயர்கார்டு விபிஎன் குழுவின் வின்டன் என்ற டிரைவர் நல்ல தேர்வு: கையொப்பமிட்ட டிஎல்எல்லாகவே தருகிறார்கள், அதை மாற்றாமல் சேர்த்துக் கொடுக்கலாம். சொந்தமாக டிரைவர் எழுதிக் கையொப்பம் பெறும் பாதையில் முதல் முயற்சியிலேயே இறங்காதீர்கள்.

5. நிறுவியின் ஸ்கிரிப்ட்

நிறுவியை உருவாக்கும் கருவிகளில் இன்னோ செட்டப், என்எஸ்ஐஎஸ், விக்ஸ் மூன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. பெரிய அலுவலகங்கள் விண்டோஸின் சொந்த நிறுவி வடிவமான எம்எஸ்ஐ கோப்பு கேட்டால் விக்ஸ். லினக்ஸிலேயே நிறுவியைக் கட்ட வேண்டுமென்றால் என்எஸ்ஐஎஸ். மற்றபடி புதியவருக்கு இன்னோ செட்டப். அதில் தவறு செய்யும் வாய்ப்பு குறைவு.

நிறுவி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஸ்கிரிப்டை இன்னோவிலேயே உள்ள விசார்டு எழுதித் தரும். நீங்கள் கைவைக்க வேண்டிய இடங்கள் மட்டும் இவை.

செயலி அடையாள எண்: ஒருமுறை உருவாக்கினால் எந்தப் பதிப்பிலும் மாற்றக் கூடாது. மாற்றினால் புதிய பதிப்பு பழையதை மேம்படுத்தாமல் இரண்டாவது மென்பொருளாக உட்காரும். அந்த எண்ணின் தொடக்க நெளிவு அடைப்பை இரண்டு முறை எழுத வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஒன்று மட்டும் எழுதினால் இன்னோ அதைத் தன் மாறிலி என்று நினைத்துக்கொள்ளும்.

64-பிட் முறை: இன்னோ செட்டப் 6-இல் இதைத் தனியாகச் சொல்லாவிட்டால், 64-பிட் நிரல்கூட 32-பிட் நிரல்களுக்கான கோப்புறையில் போய் விழும்.

குறுக்குவழி: ஐபெர்ஃப்3 கட்டளை வரிக் கருவி. அதன் இஎக்ஸ்இ-க்கு நேராகத் தொடக்கப் பட்டியலில் குறுக்குவழி வைத்தால், கிளிக் செய்ததும் ஒரு கறுப்புச் சன்னல் மின்னி மறையும். 'ஒன்றும் நடக்கவில்லை' என்ற புகார்தான் உங்களுக்கு முதலில் வரும். கட்டளைச் சன்னலைத் திறந்து, சரியான கோப்புறையில் நிறுத்தி, உதவிக் குறிப்பைக் காட்டும்படி குறுக்குவழியை அமையுங்கள்.

பின்னணியில் தானாக ஓடும் விண்டோஸ் சர்வீஸாக இருக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். ஐபெர்ஃப்3 அதற்காக எழுதப்பட்டதல்ல. நேராகப் பதிந்தால் 1053 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடும். முதல் வெளியீட்டில் இதை விட்டுவிடுங்கள். தேவைப்படுபவர் டாஸ்க் ஷெட்யூலரில் வைத்துக்கொள்ளட்டும்.

6. பாத், ஃபயர்வால்: பயனரின் கணினியைக் கெடுக்கும் இரண்டு இடங்கள்

எந்தக் கோப்புறையிலிருந்தும் கட்டளையை அழைக்க வேண்டுமென்றால் பாத் (PATH) மாறியில், அதாவது விண்டோஸ் கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியலில், உங்கள் கோப்புறையைச் சேர்க்க வேண்டும். இங்கே கவனம் தவறினால் உங்கள் மென்பொருள் மட்டுமல்ல, மற்றவர்களுடையதும் நின்றுபோகும். பாத் போன்ற மாறிகளை மாற்றும் செட்எக்ஸ் கட்டளையைப் பயன்படுத்தாதீர்கள்: 1024 எழுத்துக்கு மேல் இருப்பதை வெட்டிவிடும், நிரலாளர்களின் கணினியில் பாத் அதைவிட நீளமாக இருப்பது சாதாரணம். என்எஸ்ஐஎஸ்-இன் வழக்கமான கட்டமைப்பிலும் சரத்தின் எல்லை அதே 1024தான். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாத்தை எழுதும்போது, விரியக்கூடிய சரம் (REG_EXPAND_SZ) என்ற வகையிலேயே எழுதுங்கள். வகை மாறினால் விண்டோஸின் சொந்தக் கோப்புறைகளே பாத்தில் விரியாமல் போகும். எல்லாவற்றையும்விட மோசமானது, நிறுவல் நீக்கத்தின்போது 'இந்த மதிப்பை அழி' என்ற கொடியை வைப்பது. அது உங்கள் பகுதியை மட்டும் அழிக்காது, முழு பாத்தையும் அழிக்கும். உங்கள் பகுதியை மட்டும் தேடி நீக்க இன்னோவில் சிறிய பாஸ்கல் நிரல் எழுத வேண்டும். அதை எழுத நேரமில்லையென்றால் பாத்தைத் தொடாமலே வெளியிடுங்கள். குறுக்குவழி போதும்.

ஃபயர்வால் இதைவிட நுணுக்கமானது. ஐபெர்ஃப்3 சர்வராக, அதாவது மறுமுனையின் இணைப்பை ஏற்கும் பக்கமாக, ஓடும்போது 5201-ஆம் போர்ட்டில் (இணைப்பு வந்து சேரும் வாசல் எண்) காத்திருக்கும். விதி எதுவும் இல்லாத நிலையில் முதல் முறை ஓட்டினால் விண்டோஸ் அனுமதி கேட்கும். பயனர் புரியாமல் ரத்து என்பதை அழுத்தினால், விண்டோஸ் சும்மா போகாது. அந்த நிரலுக்குத் தடை விதிகளையே எழுதிவைத்துவிடும். தடை விதி அனுமதி விதியை வெல்லும். பிறகு நீங்கள் எத்தனை அனுமதி விதி சேர்த்தாலும் இணைப்பு வராது. ஆகவே நிரல் முதல் முறை ஓடும் முன்பே நிறுவி விதியைச் சேர்த்துவிட வேண்டும்.

விதியைப் போர்ட்டுக்கு எழுதாமல் நிரலின் முழுப் பாதைக்கு எழுதுங்கள். வலையில் தரவை அனுப்பும் இரு முறைகளான டிசிபி, யூடிபி இரண்டும் தேவை. யூடிபி சோதனைக்கும் கட்டுப்பாட்டு இணைப்பு டிசிபியில்தான் போகிறது. தனியார், டொமைன் (அலுவலக) வலைகளுக்கு மட்டும் அனுமதியுங்கள். ரயில் நிலைய வைஃபையில் யாருடைய கணினியும் சர்வராகத் திறந்து கிடக்க வேண்டாம். விதியைச் சேர்க்கும் நெட்எஸ்எச் கட்டளை ஒரே பெயரில் எத்தனை விதி வேண்டுமானாலும் சேர்க்கும், எனவே ஒவ்வொரு முறையும் பழையதை அழித்துவிட்டுச் சேருங்கள். நிறுவல் நீக்கத்திலும் அழியுங்கள். இந்த வேலைக்கு நிர்வாகி உரிமை வேண்டும். 'எனக்கு மட்டும் நிறுவு' என்ற வகை நிறுவியில் இது நடக்காது.

7. கையொப்பமிடும் வரிசை

முதலில் உள்ளே போகும் இஎக்ஸ்இ, பிறகு நிறுவல் நீக்கி, கடைசியில் நிறுவி. இன்னோவில் கையொப்பக் கருவியை அமைத்துவிட்டால் பின்னிரண்டையும் அதுவே செய்யும். உள் இஎக்ஸ்இ-க்குக் கோப்புப் பட்டியலில் தனிக் கொடி வைக்க வேண்டும். டோக்கன் கடவு எண் கேட்டுக்கொண்டே இருக்கும், பக்கத்திலேயே இருங்கள்.

கையொப்பமிட்ட நேரத்துக்குச் சான்றான நேர முத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். அது இருந்தால் சான்றிதழ் காலாவதியான பின்னும் பழைய கையொப்பம் செல்லும். இல்லாவிட்டால் சான்றிதழ் முடியும் நாளில் நீங்கள் இதுவரை வெளியிட்ட எல்லாம் சேர்ந்து செல்லாமல் போகும். எஸ்ஹெச்ஏ-256 மதிப்பைக் கையொப்பத்துக்குப் பிறகு கணக்கிடுங்கள். கையொப்பம் கோப்பையே மாற்றுகிறது.

இன்னொன்று: கையொப்பமிட்ட உடனேயே ஸ்மார்ட்ஸ்கிரீன் அடங்கிவிடாது. கூடுதல் சரிபார்ப்போடு வரும் விலை கூடிய இவி சான்றிதழ் வாங்கினால் அடங்கும் என்று இன்றும் விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். அந்தச் சலுகை 2024-இலேயே போய்விட்டது. பலர் இறக்கிப் பயன்படுத்தி நற்பெயர் சேரும்வரை எச்சரிக்கை வரும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

8. வெற்றுக் கணினியில் சோதனை

உங்கள் கணினியில் சோதிப்பது சோதனையே அல்ல; தேவையான எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் புரோ பதிப்பு இருந்தால், தற்காலிகமாக ஒரு வெற்று விண்டோஸைத் திறக்கும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் செலவில்லாமல் கிடைக்கும். மூடியதும் எல்லாம் அழிந்து அடுத்த முறை புதிதாக வரும். ஹோம் பதிப்பில் அது இல்லை. மைக்ரோசாஃப்ட் தரும் 90 நாள் மதிப்பீட்டுப் பதிப்பை, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் போட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரணப் பயனர் கணக்கில் ஓட்டிப் பாருங்கள். பழைய பதிப்பின் மேல் புதியதை நிறுவுங்கள். அப்போது சர்வர் ஓடிக்கொண்டிருக்கட்டும், டிஎல்எல் பூட்டப்பட்டிருக்கும்போது நிறுவி என்ன செய்கிறது என்று தெரியும். நீக்கிவிட்டு பாத்தையும் ஃபயர்வால் விதிகளையும் திறந்து பாருங்கள். பயனர் பெயரைத் தமிழிலேயே எழுதிய ஒரு விண்டோஸ் கணக்கையும் உருவாக்குங்கள். ஐபெர்ஃப்3 சோதனையின்போது தற்காலிகக் கோப்புறையில் ஒரு கோப்பு எழுதுகிறது, அந்தக் கோப்புறையின் பாதையில் பயனர் பெயர் வருகிறது. ஆங்கில எழுத்து அல்லாத பாதையில் தடுமாறும் நிரல்கள் இன்றும் நிறைய.

9. வெளியிட்ட பிறகு

நெட்வொர்க் கருவிகளை வைரஸ் தடுப்பான்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அளவைக் குறைக்க யூபிஎக்ஸ் போட்டுச் சுருக்கினால் சந்தேகம் கூடும். சில மெகாபைட்டுக்காக அந்தத் தொல்லை வேண்டாம். வெளியிடும் முன், பல வைரஸ் தடுப்பான்களைக் கொண்டு கோப்பைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான் டிஃபெண்டர் தவறாகப் பிடித்தால் மைக்ரோசாஃப்டின் கோப்புச் சமர்ப்பிப்புப் பக்கத்தில் முறையிடலாம், கட்டணம் இல்லை.

மென்பொருளைக் கட்டளை வரியிலிருந்து நிறுவ மைக்ரோசாஃப்ட் தரும் விங்கெட்டில் சேர்ப்பதும் இலவசம். கிட்ஹப்பில் உள்ள அதன் களஞ்சியத்துக்கு விவரக் கோப்பை அனுப்ப வேண்டும்: பதிப்பு எண், இறக்கும் முகவரி, எஸ்ஹெச்ஏ-256. நிறுவி கேள்வி கேட்காமல் நிறுவக்கூடியதாக இருக்க வேண்டும். இன்னோவில் அது இயல்பாகவே உண்டு. அதே முகவரியில் கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவைத்தால் மதிப்பு ஒத்துப்போகாமல் எல்லோருக்கும் நிறுவல் நின்றுவிடும். சிறிய திருத்தமானாலும் புதிய பெயரில் புதிய கோப்பாக விடுங்கள்.

பதிப்பு எண்ணில் உங்கள் தொகுப்புக்கென்று ஓர் இடம் வைத்துக்கொள்ளுங்கள். ஐபெர்ஃப்3 மாறாதபோதும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் நீங்கள் மறுபடி கட்ட வேண்டும். 3.19.1-ஐ முதலில் 3.19.1.1 என்றும் அடுத்து 3.19.1.2 என்றும் விடலாம். விண்டோஸ் கோப்புப் பதிப்பில் நான்கு இடங்கள் உண்டு. எம்எஸ்ஐ பக்கம் போனால் இது எடுபடாது, அங்கே மேம்படுத்தும்போது முதல் மூன்று இடங்களை மட்டுமே பார்க்கும். மூலத்திட்டத்தின் வெளியீட்டுக் குறிப்புகளையும் படித்துவிட்டுக் கட்டுங்கள். 2024 மே மாதம் வந்த 3.17-இல் கடவுச்சொல் சரிபார்ப்பின் குறியாக்க முறை மாறியது. அந்த வசதியைப் பயன்படுத்தும் பழைய சர்வர்களோடு புதியது தானாகப் பேசாது, பழைய முறைக்குத் திரும்பத் தனித் தெரிவு கொடுக்க வேண்டும். இப்படி ஒன்று வரும்போது இறக்கும் பக்கத்தில், பொத்தானுக்கு மேலேயே, இரண்டு வரி எழுதிவையுங்கள்.